பூங்கனிக்குச் செருப்பு வரைதல்

எங்கே தொடங்கினாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் சொர்ணக்கிளிக்கு இருந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் பெரிதாகச் சொல்லிவிட்டால் கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு சூடம் வாங்கப் போய்விடுவார்கள், கொஞ்சம் சின்னதாகச் சொல்லிவிட்டால் இதற்கா இவ்வளவு பேச்சு என்று வாளியும் விளக்குமாறும் எங்கே என்று தேடுவார்கள், இரண்டுமே பிள்ளைக்கு ஆகாது. பஸ்ஸில் பேசிக்கொள்கிறவர்கள் கோடு ராத்திரியில் மினுங்குகிறது என்றார்கள், கொலுசுச் சத்தம் கேட்கிறது என்றார்கள், உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர் அது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்றுகூடச் சொன்னார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அது மினுங்கவில்லை, பேசவில்லை, யார் கனவிலும் வந்து எதையும் கேட்கவில்லை. தருவைமேட்டுத் தொடக்கப்பள்ளியின் வெராண்டாவில், சிவப்புச் சிமெண்டுத் தரையில், சாக்பீஸால் போட்ட ஒரு பெண்பிள்ளையின் கோடு, மற்றப் பிள்ளைகள் வளர்வதைப் போலவே வளர்ந்தது. நடந்தது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அவள் பிள்ளை.

சொர்ணக்கிளி அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். மூன்றாம் வகுப்பில் பாதியிலேயே படிப்பை விட்டு உப்பளத்துக்குப் போய், கால் வெடித்து, கண் கூசி, கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த அடுப்படி வேலை கிடைத்துக் கொஞ்சம் நிழலுக்கு வந்தாள். நிழலுக்கு வந்தும் நிம்மதி வரவில்லை. சாம்பாரில் பல்லி விழுந்துவிடுமோ, அரிசியில் கல் கிடக்குமோ, பந்தியில் ஒரு பிள்ளைக்குக் குறைந்துவிடுமோ என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு மூடுவாள். மூடிவிட்டு மறுபடி திறப்பாள். "உங்கம்ம சட்டியத் தொறந்து தொறந்து பாத்தே சோத்த ஆற வச்சிருவாட்டி" என்று பிள்ளைகள் பூங்கனியிடம் சொல்லிச் சிரிக்கும். பூங்கனி அப்போது இரண்டாம் வகுப்பு.

அந்த வருஷந்தான் படம் வரையச் சொல்லிக்கொடுக்க டவுனிலிருந்து ஜெசிந்தா டீச்சர் வந்தாள். வாரத்தில் ஒரு மத்தியானம் மட்டும் வருகிற பகுதிநேர டீச்சர். தாளும் வர்ணமும் வரும் வரும் என்று சொன்னார்களே தவிர வரவில்லை, அதனால் அவள் கரித்துண்டையும் செங்கல் பொடியையும் மஞ்சளையும் கோவை இலைச் சாற்றையும் வைத்தே வகுப்பு எடுத்தாள். ஒரு புதன்கிழமை பிள்ளைகளை வெராண்டாவில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். ஒரு பிள்ளை படுக்க இன்னொரு பிள்ளை சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட வேண்டும், பிறகு எழுந்து அவரவர் கோட்டுக்குள்ளே அவரவரை வரைந்துகொள்ள வேண்டும், வெளியே தெரிகிறதையும் வரையலாம், உள்ளே இருக்கிறதையும் வரையலாம்.

"மொதல்ல முகத்தை வரைங்க. கண்ணு, மூக்கு, வாய்."

பிள்ளைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "டீச்சருக்கு ஒண்ணுமே தெரியல" என்றாள் அபிநயா. பூங்கனியின் கூட்டாளி அவள், ஊரிலேயே வாய் நீளமானவள். "கண்ண கடைசியிலதான் வைக்கணும் டீச்சர். மொதல்லயே வச்சா எந்திச்சுப் போயிரும்."

"எது எந்திச்சுப் போகும்?"

"படந்தான்."

தருவைமேட்டுப் பிள்ளைகளுக்கு அது பால்குடியிலிருந்தே தெரியும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மாடசாமி வேளார் மண்ணில் உருவம் செய்வார், கால் செய்வார், கை செய்வார், நகை நட்டெல்லாம் ஒட்டுவார், கண்ணை மட்டும் விட்டுவைப்பார். கொடை அன்றைக்குத்தான் வேட்டியைத் திரையாகப் பிடித்து, பின்னால் நின்று, கண் வைப்பார். கண் வைக்கிற வரைக்கும் அது மண், வைத்தபிறகு சாமி. ஜெசிந்தா டீச்சர் கேட்டுக்கொண்டு, சரி, உங்க ஊர் வழக்கப்படியே கண் கடைசியில் இருக்கட்டும் என்றாள்.

பூங்கனி படுத்தாள், அபிநயா கோடு போட்டாள். அக்குளில் சாக்பீஸ் போனபோது கூச்சம் தாங்காமல் பூங்கனி நெளிந்து சிரித்தாள், அந்த இடத்தில் கோடும் ஒரு நெளி நெளிந்தது. எழுந்து தன் கோட்டுக்குள் உட்கார்ந்து செங்கல் பொடியில் பாவாடை போட்டாள். காலுக்குக் கரியில் செருப்பும், அதற்குக் கோவை இலையில் பச்சை வாரும் வைத்தாள். வயிற்றில் ஒரு சட்டி வரைந்தாள்.

"இது என்னது பூங்கனி?"

"எங்கம்ம சோத்துச் சட்டி டீச்சர். மூடி போட்டிருக்கு. யாரும் தொறக்கப்படாது."

வலது கையில் ஒரு முட்டை வரைந்தாள். அதை அடுப்படி ஜன்னல் வழியாகச் சொர்ணக்கிளி பார்த்துவிட்டாள். தன் பிள்ளைக்கு மட்டும் முட்டை கூடுதலாகக் கொடுக்கிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்?

"ஏட்டி, முட்டைய அழிட்டி!"

"படத்துல உள்ள முட்டைதானம்மா."

"படத்துலயும் வேண்டாம்!"

பூங்கனி தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முட்டைக்கு நடுவில் ஒரு கோடு கிழித்து ஒரு பாதியை மட்டும் அழித்தாள். "இப்பம் அர முட்டை. போதுமா?" வெராண்டாவே சிரித்தது. பெல் அடித்தது. முகத்தையும் கண்ணையும் அடுத்த புதன்கிழமை வைக்கலாம் என்றாள் டீச்சர்.

அடுத்த புதன்கிழமை மற்றப் பிள்ளைகள் எல்லாம் கண் வைத்தன. பூங்கனிக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால் முதலில் சாதாரணக் காய்ச்சல், கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் விட்டு விட்டு வந்து, பிறகு விடாமல் நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காய்ச்சல். அங்கே ஒரு விடிகாலையில் பிள்ளை கண்ணைத் திறந்து வெந்நீர் கேட்டது. சொர்ணக்கிளி பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனாள், புருஷன் முத்துமாலை மருந்து வாங்கும் வரிசையில் நின்றார். அவள் திரும்பி வந்தபோது பிள்ளையின் கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல், வெந்நீர் ஆறிவிடக் கூடாதே என்று பிளாஸ்க் மூடியை இறுக்கி இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எல்லாரிடமும் கேட்டாள். யார் மூடினது? நர்ஸிடம் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டாள், புருஷனிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். திறந்திருந்த கண்ணை யாரோ ஒருவர் கை வைத்து மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவாக மூடியிருக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை. செத்தது எதனால் என்று அவள் அவ்வளவாகக் கேட்கவில்லை. கண்ணை மூடினது யார் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து அவள் வேலைக்கு வந்தபோது வெராண்டாவில் மற்றப் பிள்ளைகளின் படம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் பதிலாக வந்த பெண் கழுவிவிட்டிருந்தாள். பூங்கனியின் கோடு மட்டும் போகவில்லை. "தேங்கா நாரு போட்டுத் தேச்சேன் மைனி, சோப்புத்தூளு போட்டேன், ஒம்மேல சத்தியமா, ஒரு இணுக்கு அசையல" என்று அந்தப் பெண் அழுதாள். தலைமையாசிரியர் சிவனணைந்தான் சார் குனிந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "கெடக்கட்டும்" என்றார். அவரும் பிள்ளை பெற்றவர்.

கோடு கிடந்தது. முகத்தில் ஒன்றும் இல்லாமல், கையில் அரை முட்டையோடு, வயிற்றில் மூடிய சட்டியோடு கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் அதை மிதிக்காமல் வளைந்து போய் வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டன. வெராண்டாவில் ஒரு தூண் இருந்தால் எப்படிச் சுற்றிப் போவார்களோ அப்படிப் போனார்கள், யாரும் அதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வளர்கிறது என்பதை முதலில் பார்த்தவள் சொர்ணக்கிளி. பார்த்தது செருப்பை வைத்து. பூங்கனி கரியில் வரைந்த செருப்புக்கு வெளியே குதிகால் கோடு கொஞ்சம் தள்ளி நின்றது. பாவாடை முட்டிக்கு ஏறியிருந்தது. உள்ளே வரைந்தது எல்லாம் வரைந்தபடி இருக்க, கோடு மட்டும் விலகிக்கொண்டே போயிருந்தது. அவள் ஓடிப்போய்த் தலைமையாசிரியரிடம் சொன்னாள்.

"சிமெண்டு வெயிலுக்கு விரியும்மா" என்றார் அவர்.

"சிமெண்டு விரிஞ்சா செருப்பும்லா சார் விரியணும்? செருப்பு பத்தலையே சார் பிள்ளைக்கு!"

அபிநயாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அன்றைக்குக் கோடு போடும்போது இரண்டு பேரும் ஒரே உயரம். இப்போதும் ஒரே உயரம். அபிநயா எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, "வளந்துட்டாளே களுத" என்றாள். அவ்வளவுதான், அந்த நிமிஷத்திலிருந்து ஊருக்கே பூங்கனி வளர்கிற பிள்ளை ஆகிவிட்டாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதந்தான் சொர்ணக்கிளிக்கு இன்றைக்கும் ஆச்சரியம், கோடு வளர்ந்தது கூட அவ்வளவு ஆச்சரியமில்லை. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து கோட்டுக்குப் பக்கத்தில் படுக்கப் போட்டு அளந்தார்கள். "எம்பிள்ள பூங்கனியவிட ஒரு விரக்கடை கம்மியா நிக்கா, கேப்பக்கூழு குடுத்துத் தேத்தணும்" என்பார்கள். ஊசி போட வருகிற நர்ஸம்மாவும் தன் டேப்பை விரித்துப் பார்த்து, நல்ல வளர்த்தி என்றாள். மழை பெய்தால் சாரல் படாமல் இருக்க யாராவது ஒரு சாக்கைக் கொண்டுவந்து போர்த்துவிட்டுப் போனார்கள். வருஷக் கடைசியில் வகுப்பு மாறும்போது பிள்ளைகள் பூங்கனியும் பாஸ் என்று கத்திவிட்டு ஓடின.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஜெசிந்தா டீச்சர் பிள்ளைகளைக் கோட்டைச் சுற்றி உட்கார வைத்தாள். "பூங்கனிக்குப் புதுச் செருப்பு வேணும். யாரு செய்யப்போறீங்க?"

எல்லாக் கையும் எழும்பியது. நூல் வைத்துப் பாதத்தை அளந்தார்கள். ஒரு பிள்ளை சக்கரம் வைத்த செருப்பு என்றது, ஒன்று லைட் எரிகிற செருப்பு என்றது, ஒன்று பறக்கிற செருப்பு என்றது. டீச்சர் எல்லாவற்றையும் பலகையில் வரைய விட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நமக்கு எது அழகுன்னு பாக்கக் கூடாது, போடுறவளுக்கு எது வேணும்னு பாக்கணும். பூங்கனிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். பிள்ளைகள் யோசித்தன. இங்கே முள்ளு உண்டு, உப்புத் தண்ணி உண்டு, சூடு உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் தடித்த அடியும் பின்வாரும் வைத்த செருப்பு ஒன்றை முடிவு செய்து, பழைய செருப்பை அழிக்காமல் அதைச் சுற்றியே வரைந்தன. பாவாடையை அழிக்கவில்லை, டக் பிரித்துவிடுகிற மாதிரி கீழே ஒரு கரை சேர்த்தன. அந்த வருஷம் கரையில் உப்பு அம்பாரம். அடுத்த வருஷம் நாரைகள். அதற்கடுத்த வருஷம் வரிசையாக லாரிகள். ஒரு செருப்புக்குள் ஒரு செருப்பு, அதற்குள் ஒரு செருப்பு, நடுவில் பூங்கனி தன் கையால் போட்ட பச்சை வார்ச் செருப்பு.

சட்டியையும் பெரிதாக்கலாமா என்று பிள்ளைகள் கேட்டபோது மட்டும் சொர்ணக்கிளி கரண்டியோடு ஓடிவந்தாள். "அதத் தொடாதீங்க. யாரும் தொறக்கப்படாதுன்னு அவ சொல்லியிருக்கா." அதனால் சட்டியும் அரை முட்டையும் அதே அளவில் இருந்தன. பிள்ளை வளர வளர அந்தச் சட்டி சின்னதாகிக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய வயிற்றுக்கு இவ்வளவு சின்னச் சட்டி எப்படிக் காணும் என்பது அவளுடைய புதுக் கவலை. அந்த ஒரு நாள் முழு முட்டை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். தினமும் பந்தி முடிந்து வெராண்டாவைத் துடைக்கும்போது கோட்டின் விளிம்போரமாக ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டே வருவாள், அக்குள் நெளிவுக்கு வந்ததும் கை தானாக மெல்லப் போகும், அங்கே கூசும்.

முத்துமாலை மட்டும் அந்த வெராண்டாவில் கால் வைக்கவில்லை. உப்பு லாரியில் லோடு ஏற்றப் போகிறவர், பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

"நம்ம குடும்பத்துல கன்னியா செத்த பிள்ளைக்கு ஒரு பீடம் போடாம இருந்ததில்ல" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். கல்யாணம் ஆகாமல், வயதுக்கு வராமல் இறந்துபோகிற பெண்பிள்ளைகள் அந்தப் பக்கத்து வீடுகளில் சாமியாகிவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பாவாடையும் சட்டையும் வளையலும் ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். "வேளார்ட்டச் சொல்லிக் கண்ணத் தொறந்துட்டா அவ நம்ம வீட்டுச் சாமி."

"சாமின்னா வளராதுங்க" என்றாள் சொர்ணக்கிளி. "ஒங்க அத்தை சின்னப் பிள்ளையாச் செத்து எத்தன வருசமாச்சு? இன்னைக்கும் அதே சிட்டுப் பாவாடதான வைக்கோம்? எம்பிள்ள வளருதா. அவள ஏன் நிப்பாட்டணும்?"

"வளர்ற பிள்ளட்டப் போயி நான் என்னத்தச் சொல்லுவேன் கிளி? சாமின்னா முன்னால நின்னு அழுவலாம்லா."

மூடியைத் திறந்து குழம்பைப் பார்த்துவிட்டு மூடினாள்.

அபிநயா ஐந்தாம் வகுப்பு முடித்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். போகிற அன்றைக்கு வந்து பக்கத்தில் படுத்து அளந்துகொண்டாள். பூங்கனி ஒரு நகம் கூடுதல். "ஜெயிச்சுட்டியேட்டி" என்று வெறும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினாள். பூங்கனி தொடக்கப்பள்ளி வெராண்டாவிலேயே கிடந்தாள். தலை சுவரை முட்டும் அளவுக்கு வந்துவிட்டது, பாதம் படிக்கட்டை நோக்கிப் போனது. புதிதாக ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அவளை அக்கா என்றன. "அக்காவ மிதிக்காதல."

அதற்குப் பிறகு ஒரு வைகாசியில் அபிநயா வயதுக்கு வந்தாள். சீரியல் லைட்டும் மைக்செட்டுமாகச் சடங்கு வைத்தார்கள். சொர்ணக்கிளி போகாமல் இருக்க முடியாது, போனாள். தாவணி போட்டு, தலை நிறையப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அபிநயா, இவளைப் பார்த்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். சொர்ணக்கிளி பூசிய சந்தனம் பிள்ளையின் காதோரம் வழிந்தது. "சித்தி, அவளும்..." என்று அபிநயா ஏதோ சொல்ல வந்தாள். மைக்செட் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் பார்த்தாள். இடுப்பில் கோடு உள்ளே வளைந்திருந்தது. மேலே பார்க்காமல் முந்தானையை எடுத்துத் தரையை மூடினாள். எத்தனை நாள் மூடுவது? ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்த முதல் நாள், பிள்ளையை அளக்க வந்தவர்கள் அளக்காமல் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா டீச்சர் சின்னப் பிள்ளைகளை வைத்துக் கோட்டுக்குத் தாவணி வரைந்தாள், மஞ்சளில் நல்ல அகலமாக. அதுவும் பத்தவில்லை. எங்கெங்கோ இருந்து பைக்கில் வருகிற பையன்கள் வெளிக்கேட்டில் நின்று எட்டிப் பார்த்து, செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சொர்ணக்கிளி அடுப்பில் கிடந்த கொள்ளியை உருவிக்கொண்டு ஓடினாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

கடைசியில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது.

"சமைஞ்ச பிள்ளைய இப்பிடி மல்லாக்கப் போட்டு வச்சிருக்கியளே, இது நியாயமா?" என்றார் ஒருவர். "கண்ணத் தொறந்து, அந்தப் பக்கம் செவரு வச்சுக் கன்னியாக்கிருவோம். இல்லன்னா தரையக் கொத்தி எடுத்துருவோம். ரெண்டுல ஒண்ணு."

"கன்னின்னா சமையாத பிள்ளைதான? இவ வளந்துட்டாளே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கண்ண வச்சா நின்னுரும்லா. நின்னுட்டா எல்லாங் கன்னிதான்."

சிவனணைந்தான் சார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே இருந்து கேள்வி வருவதாகவும், ரிட்டயர் ஆகிற நேரத்தில் தனக்கு இது தாங்காது என்றும் சொன்னார். ஜெசிந்தா டீச்சர் எழுந்து, அது ஒரு பிள்ளை பாதியில் விட்டுப்போன படம், அதில் அடுத்தவர்கள் கண் வைக்கக் கூடாது என்றாள். "அப்பம் அவளையே வந்து வைக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று யாரோ சொல்ல, அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாடசாமி வேளார் எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார். "நானாக் கேக்கல தாயி" என்று சொர்ணக்கிளியைப் பார்த்துச் சொன்னார். "கூப்பிட்டா வருவேன். ஆனா யோசிச்சுக்கிடுங்க. ஒருக்க வச்ச கண்ணுமேல மறுபடி யாரும் கை வைக்க முடியாது. நானும் வைக்க மாட்டேன், எவனும் வைக்க மாட்டான்."

முத்துமாலை தலையை நிமிர்த்தாமல், "வைங்க" என்றார். ஆடிச் செவ்வாய் என்று முடிவானது.

அந்த நாட்கள் முழுக்க சொர்ணக்கிளி ஒன்றையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். கண் திறந்தால் பிள்ளை எதைப் பார்க்கும்? தன் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்பதைப் பார்க்கும். தான் பாதியிலேயே நின்றுவிட்டதைப் பார்க்கும். கேட்டுக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களைப் பார்க்கும். சூடத்தையும் சின்னப் பாவாடைகளையும் பார்த்துக்கொண்டு, இமைக்காமல், ஏழு வயசுப் பெயரோடு, இந்த உடம்போடு, என்றைக்கும் கிடக்கும். திறக்காவிட்டால் கடப்பாரை வரும். அரிசி களையும்போது நினைத்தாள், முட்டை உரிக்கும்போது நினைத்தாள். ஒருக்க வச்ச கண்ணுமேல மறுபடி யாரும் கை வைக்க முடியாது என்று வேளார் சொன்னது உப்புத் தண்ணீரில் பட்ட புண் மாதிரி உள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேளம் வந்தது. வெராண்டாவில் வெள்ளை வேட்டியைத் திரையாகப் பிடித்தார்கள். வேளார் குளித்துத் தூரிகையும் மையும் வைத்துக்கொண்டு நின்றார். சொர்ணக்கிளி அவர் முன்னால் போய், "அண்ணாச்சி, பிள்ளைக்கு மொகம் தொடச்சு விட்டுட்டு வந்துருதேன்" என்றாள். தாய் கேட்கிறதை யார் மறுப்பார்கள்? திரைக்குப் பின்னால் போகும்போது ஜெசிந்தா டீச்சரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸ் துண்டை எடுத்தாள். "டீச்சர், எனக்குக் கண்ணு வரையச் சொல்லிக்குடுங்க. நான் படிக்கப்பம் படமெல்லாம் வரைஞ்சதில்ல."

டீச்சர் பக்கத்தில் குனிந்தாள். "திறந்த கண்ணா அக்கா?"

சொர்ணக்கிளி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா டீச்சர் சாக்பீஸை வாங்கித் தன் உள்ளங்கையில் மெல்ல ஒரு கோடு போட்டுக் காட்டினாள். "கோலம் போடும்போது புள்ளிக்குக் கீழ வளைப்பீங்கல்ல? அதே வளைவுதான். கையை அமுக்காதீங்க. மூச்சை விட்டுக்கிட்டே இழுங்க."

சொர்ணக்கிளி தலைமாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஈரத்துணியால் வெறும் முகத்தைத் துடைத்தாள். காய்ந்ததும், மூச்சை விட்டுக்கொண்டே, ஒரு வளைவு இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு வளைவு. இரண்டு இமையிலும் மயிர் வைக்கலாமா என்று நினைத்தாள், பூங்கனிக்கு இமைமயிர் அடர்த்தி, வைத்தாள். பிளாஸ்கும் கையுமாகக் கீழே போகாமல் அன்றைக்கு அந்தக் கட்டில் பக்கத்திலேயே இருந்திருந்தால் எப்படி மூடியிருப்பாளோ, அப்படியே மூடினாள். பிறகு உள்ளங்கையை அந்த முகத்தின்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

திரையை விலக்கினார்கள். மேளம் ஒவ்வொன்றாக நின்றது. வேளார் குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், பிறகு தூரிகையை வேட்டியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "தாய் மூடிட்டா" என்றார். "இனி இதுல ஒரு வேலையும் இல்ல. தூங்குற பிள்ளையக் கொத்தி எடுக்கிறவன் இருந்தா எடுத்துக்கிடுங்க." யாரும் அசையவில்லை. பெண்கள் தலைமுக்காட்டை இழுத்துக்கொண்டு, சத்தம் வராமல், பிள்ளை தூங்குகிற வீட்டிலிருந்து போகிற மாதிரி ஒவ்வொருவராகப் போனார்கள்.

முத்துமாலை மட்டும் படிக்கட்டில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் முறையாக வெராண்டாவில் ஏறினார். வந்து கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தச் செருப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே உள்ளே பார்த்துக்கொண்டே போய், பச்சை வாரில் விரல் வைத்ததும், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். "மெல்லங்க" என்றாள் சொர்ணக்கிளி.

தூங்குகிற பிள்ளையும் வளரும் என்று அவள் நினைத்திருந்தாள். போர்த்திப் படுக்க வைத்த பிள்ளைக்கு விடியும்போது போர்வைக்கு வெளியே கால் நீட்டியிருக்கும், அதைப் பார்க்காத தாய் உண்டா? அந்த நம்பிக்கையில்தான் மூடினாள். ஜூன் வந்தது. புதுப் பிள்ளைகள் வந்தன. ஜெசிந்தா டீச்சர் நூலைக் கொடுக்க, ஒரு பிள்ளை போன வருஷச் செருப்பில் வைத்துப் பார்த்தது, பிறகு பாதக் கோட்டில் வைத்துப் பார்த்தது. டீச்சர் வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். நூலை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலைப் பார்த்தாள்.

"டீச்சர், அக்காவுக்குப் புதுச் செருப்பு வரையலாமா?" என்று பிள்ளைகள் கரித்துண்டோடு கேட்டன.

சொர்ணக்கிளி சோற்றுச் சட்டியை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே வந்தாள்.

"வேண்டாம் பிள்ளைகளா" என்றாள். "அளவாத்தான் இருக்கு."